பெட்டியில் 900 வாட், தகட்டில் 1400 வாட்: சமையலறைச் சாதனத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்கிடுவது

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதில் மூன்று இருக்கின்றன. புதிதாக வந்த மைக்ரோவேவ் ஓவனின் அட்டைப்பெட்டியில் 900 வாட் என்றும், ஓவனின் பின்பக்கத் தகட்டில் 1400 வாட் என்றும் போட்டிருக்கிறது, எது சரி? அந்த ஓவன், 2000 வாட் கெட்டில், பிரிட்ஜ் மூன்றும் 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள ஒரே லைனில் வருகின்றன, தாங்குமா? கரண்ட் போனால் ஓவனை இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். கணக்குப் போடும் முறை கைக்கு வந்துவிட்டால் அடுத்த சாதனம் வாங்கும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 900, 1400 விவகாரம். இரண்டு எண்ணும் சரிதான், ஆனால் அவை வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. 900 வாட் என்பது ஓவன் அலைகளாக மாற்றி உள்ளே வைத்த பொருளுக்குக் கொடுக்கும் திறன். அதைத் தண்ணீர் வைத்துத்தான் அளக்கிறார்கள்: 1 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவர எத்தனை நொடி ஆகிறது என்பதுதான் சோதனை. 900 வாட் ஓவனுக்கு அது ஏறக்குறைய 47 நொடி. 1400 வாட் என்பது அந்த வேலையைச் செய்ய ஓவன் சுவரிலிருந்து இழுப்பது. நடுவில் காணாமல் போகும் 500 வாட்டில் பெரும்பகுதி, அலையை உண்டாக்கும் மேக்னட்ரானிலும் அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் சர்க்யூட்டிலும் வெப்பமாகப் போகிறது. மீதி விசிறிக்கும் விளக்குக்கும் தட்டைச் சுற்றும் மோட்டாருக்கும். ஓவன் ஓடும்போது அதன் காற்றுத் துவாரத்துக்கு எதிரே கையை வைத்துப் பார்த்தால் அந்த 500 வாட் எங்கே போகிறது என்று கைக்கே தெரியும்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்று வாங்குபவர் தெரிந்துகொள்ள. ஒயருக்கும் பிளக்குக்கும் எம்.சி.பி.க்கும் வேண்டியது தகட்டில் உள்ள எண். மைக்ரோவேவில் மட்டும் இல்லை, மோட்டார் உள்ளவற்றிலும் இந்தக் குழப்பம் வரும். ஒரு மோட்டாரை அரை குதிரைத்திறன் என்று சொன்னால் அது தண்டில் கிடைக்கும் திறன், அதாவது 373 வாட். மோட்டார் 65 சதவீதத் திறமையோடு ஓடினால் சுவரிலிருந்து 574 வாட் இழுக்கும். ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் முதல் கேள்வி: இது உள்ளே போவதா, வெளியே வருவதா?

சரி, தகடு. சாதனத்தின் அடியிலோ பின்னாலோ ஒரு சின்ன ஸ்டிக்கர் அல்லது உலோகத் தகடு இருக்கும். கெட்டிலைக் கவிழ்த்தால் தெரியும். பிரிட்ஜில் பெரும்பாலும் உள் சுவரில் இருக்கும். பதித்து வைக்கும் ஓவன்களில் கதவைத் திறந்தால் விளிம்பில் இருக்கும். அதில் மின்னழுத்தம், அலைவெண், வாட், சிலவற்றில் ஆம்பியரும் போட்டிருப்பார்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் உள்ள சாதனம், எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாமல் மூன்று பின் பிளக்கோடு வந்தால் எர்த் கட்டாயம். உலோக உடம்பும் தண்ணீரும் சேரும் சமையலறையில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கெட்டில் தகடு ஒன்றைக் கவனித்துப் படித்தால் பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது. "220–240 வோல்ட், 1850–2200 வாட்" என்று இரண்டிரண்டு எண்ணாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கெட்டிலில் இரண்டு வேகம் எதுவும் கிடையாது. ஒரே சூடாக்கும் கம்பிதான். 220 வோல்ட் வந்தால் 1850 வாட் இழுக்கும், 240 வந்தால் 2200. மின்னழுத்தம் 9 சதவீதம் ஏறினால் திறன் 19 சதவீதம் ஏறுகிறது. காரணம், கம்பியின் மின்தடை மாறாதபோது திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்ட் ஏறினால் ஆம்பியரும் சேர்ந்து ஏறுகிறது. இரண்டும் பெருகும்போது வர்க்கமாகிறது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் கெட்டில் மின்னழுத்தம் 200க்கு இறங்கும் நாளில் 1512 வாட்தான் தரும். சாயங்காலம் தண்ணீர் கொதிக்க நேரமாகிறது என்றால் கெட்டில் கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து சாதனம் கொண்டுவருபவர்களுக்கும் இந்த வர்க்கக் கணக்கு முக்கியம். 120 வோல்ட்டுக்குச் செய்த சூடாக்கியை 230 வோல்ட்டில் மாட்டினால் திறன் ஏறக்குறைய 3.7 மடங்கு ஆகிவிடும். சில நொடிகளில் கம்பி அறுந்தால் அதிர்ஷ்டம், அறுவதற்கு முன் தீப்பிடிக்கவும் கூடும். மறுபக்கம், 230க்குச் செய்த 2000 வாட் கெட்டிலை 120ல் மாட்டினால் 544 வாட்தான் கிடைக்கும்; ஆபத்தில்லை, ஆனால் தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் உள்ள சாதனங்களுக்கு 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதும் ஒத்துப்போக வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வாட்டை வைத்துக்கொண்டு ஒயரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதை ஆம்பியராக, அதாவது ஒயரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவாக, மாற்ற வேண்டும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் கெட்டில், 230 வோல்ட்: 8.7 ஆம்பியர். 1400 வாட் ஓவன்: 6.1 ஆம்பியர். கெட்டில், டோஸ்டர் போல வெறும் கம்பி சூடாகும் சாதனத்துக்கு இந்த வகுத்தல் அப்படியே சரி. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், மின்னணுச் சர்க்யூட் உள்ளவற்றில் திறன் காரணி என்று ஒன்று குறுக்கே வரும்: அவை இழுக்கும் ஆம்பியரில் ஒரு பகுதி வேலை செய்யாமல் போய்த் திரும்பி வரும், ஆனால் ஒயரைச் சூடாக்கத் தவறாது. ஆகவே வாட்டை வோல்ட்டாலும் திறன் காரணியாலும் வகுக்க வேண்டும். ஓவனுக்கு 0.9 என்று வைத்தால் 6.8 ஆம்பியர். தகட்டில் ஆம்பியரே போட்டிருந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம், அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். உற்பத்தியாளர் இதையெல்லாம் சேர்த்துத்தான் போட்டிருப்பார்.

120 வோல்ட் உள்ள நாடுகளில் இதே வாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். அங்கே பிளக்கில் மாட்டும் இண்டக்‌ஷன் அடுப்புகள் 1800 வாட்டோடு நின்றுவிடுவது அதனால்தான்: 15 ஆம்பியரை 120 வோல்ட்டால் பெருக்கினால் 1800, அதற்கு மேல் அந்தச் சாக்கெட் தராது.

ஆம்பியர் கிடைத்ததும் அதைப் பாதை முழுக்க நடத்திச் செல்லுங்கள். எம்.சி.பி.யிலிருந்து சுவருக்குள் போகும் ஒயர், ஸ்விட்ச், சாக்கெட், பிளக்கின் பின்கள், நடுவில் எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதன் ஒயர், அப்புறம் சாதனத்தின் சொந்த ஒயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு. சாக்கெட்டிலும் பிளக்கிலும் அது அச்சிட்டே இருக்கும். இந்தச் சங்கிலியில் எது மிகச் சின்ன எண்ணோ அதுதான் உங்கள் எல்லை. எம்.சி.பி.யில் 16 என்று இருப்பதால் எல்லை 16 ஆகிவிடாது. நடுவில் 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்று உட்கார்ந்திருந்தால் எல்லை 6தான், ஆனால் அதை மீறும்போது எம்.சி.பி. வாயே திறக்காது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சமையலறையில் ஒரு சாக்கெட்டில் வருஷக்கணக்காக போன் சார்ஜரும் ரேடியோவும்தான் மாட்டியிருந்தோம். ஒரு நாள் கெட்டிலை அங்கே மாற்றினோம். சில வாரம் கழித்து பிளக்கைக் கழற்றும்போது ஒரு பின் மட்டும் தொடமுடியாத சூடு. மெயினை அணைத்துவிட்டு போர்டைத் திறந்து பார்த்தால், பேஸ் ஒயர் நுழையும் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அதை ஒட்டி ஒரு விரற்கடை நீளத்துக்கு ஒயரின் சிவப்பு உறை பழுப்பாகி, ஓடு போல இறுகியிருந்தது. நகத்தால் தொட்டதும் பொடிந்தது. சாக்கெட்டின் வெள்ளை பிளாஸ்டிக்கில் உள்பக்கம் காசு அளவுக்கு ஒரு கருமை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியவில்லை. எம்.சி.பி. ஒரு முறைகூட விழவில்லை.

ஏன் விழவில்லை, ஏன் அத்தனை வருஷம் எதுவும் ஆகவில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஓர் இணைப்பில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தை அந்த இடத்தின் மின்தடையால் பெருக்கினால் வருவது. தளர்ந்த திருகில் 0.1 ஓம் மின்தடை என்று வையுங்கள். போன் சார்ஜர் 0.1 ஆம்பியர் இழுத்தால் அங்கே 0.001 வாட், ஒன்றுமே இல்லை. கெட்டில் 8.7 ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட். அதே சாக்கெட்டில் ஒரு மல்ட்டி பிளக் போட்டு உங்கள் ஓவனையும் கெட்டிலையும் சேர்த்து ஓட்டினால் 15.5 ஆம்பியர், 24 வாட். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பயன்படுத்தும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அந்த அயர்னை பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியது போல. இத்தனையும் நடக்கும்போது லைனில் ஓடும் ஆம்பியர் வழக்கத்தைவிடக் கூடவில்லை, ஆகவே எம்.சி.பி.க்கு விழக் காரணமே இல்லை. சூடாகச் சூடாகத் திருகு இன்னும் தளரும், மேல்பரப்பு கருகி மின்தடை ஏறும், சூடு இன்னும் கூடும்.

எம்.சி.பி. பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. 16.1ல் விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வீடுகளில் பயன்படும் எம்.சி.பி.களுக்கான சர்வதேசத் தரப்படி, குறிப்பிட்ட அளவைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரத்துக்குள் அது விழக் கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். அதாவது 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரை மணிக்கணக்கில் சும்மா விட்டுவிடலாம். 23 ஆம்பியரில்கூட விழ ஒரு மணி நேரம் எடுக்கலாம். இது குறை இல்லை, கெட்டில் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடியதற்கெல்லாம் விழக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காப்பதுதான் அதன் வேலை. சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் காப்பது நம் பொறுப்பு.

எக்ஸ்டென்ஷன் என்றதும் ஒயரின் தடிமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளையும் ஒயர்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் அட்டவணையில் 0.75 சதுர மில்லிமீட்டருக்கு 6 ஆம்பியர், 1 சதுர மில்லிமீட்டருக்கு 10, 1.5க்கு 16 என்று இருக்கும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பலவும் 0.75தான். அதில் 5 மீட்டர் ஒயர் என்றால் போகவும் வரவும் 10 மீட்டர் செம்பு, மின்தடை 0.26 ஓம். கெட்டில் மட்டும் ஓடினால் ஒயர் முழுக்கச் சேர்ந்து 20 வாட் சூடு. கெட்டிலும் ஓவனும் சேர்ந்தால் 62 வாட். நீட்டிப் போட்டிருந்தால் அந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். அழகாகச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தால் நடுவில் இருக்கும் சுற்றுகள் ஒன்றையொன்று சூடாக்கி உறை இளகும். சூடாக்கும் சாதனம் எதையும் எக்ஸ்டென்ஷனில் நிரந்தரமாக வைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

மோட்டார் உள்ளவற்றுக்குத் தனிக் குணம் உண்டு. பிரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது 100, 150 வாட்தான். ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப் போல ஐந்து ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கும், ஒரு நொடிக்குள் அடங்கிவிடும். வீட்டு லைனுக்கு அது பொருட்டே இல்லை, எம்.சி.பி.யில் பி, சி என்று வகை பிரித்திருப்பதே இந்தக் கண நேரத் துள்ளலை எவ்வளவு பொறுப்பது என்பதற்காகத்தான். பி வகை 3 முதல் 5 மடங்குக்குள் உடனே விழும், சி வகை 5 முதல் 10 மடங்குக்குள். இன்வெர்ட்டரிலும் ஜெனரேட்டரிலும்தான் அந்தத் துள்ளல் தலைவலி. இப்போது வரும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் பிரிட்ஜ்கள் (பெயர் ஒன்றானாலும் கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர் வேறு) மெதுவாக வேகம் பிடிப்பதால் இந்தத் தொல்லை குறைவு. மிக்சிக்கு வேறொரு சங்கதி: 750 வாட் என்று தகட்டில் இருந்தாலும் ஜாரில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இழுக்கும். வெறும் ஜாரில் குறைவு, கெட்டியாக அடைத்து பிளேடு திணறினால் தகட்டைத் தாண்டிவிடும். பிளேடு நின்றேவிட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் எரியும். அதைத் தடுக்கத்தான் அடியில் அந்தச் சின்ன சிவப்புப் பொத்தான். அது ஒரு முறை தள்ளிக்கொண்டு வந்தால் ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, மோட்டார் ஆறியபின் உள்ளே அழுத்துங்கள்.

இதுவரை சொன்னது "தாங்குமா" என்ற கேள்விக்கு. "எவ்வளவு செலவாகும்" என்பது வேறு கணக்கு, இரண்டையும் கலக்கக் கூடாது. தாங்குமா என்பதற்கு உச்ச ஆம்பியர் வேண்டும். செலவுக்கு வாட்டோடு நேரம் வேண்டும். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தெர்மோஸ்டாட் உள்ள ஓவன் 2000 வாட் என்றால் அது எப்போதும் 2000 இழுக்காது. உள்ளே சூடு பிடித்தபின் அணைந்து அணைந்து எரியும். ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் எரிந்திருந்தால் ஒரு யூனிட்தான். மைக்ரோவேவைப் பாதித் திறனில் வைத்தாலும் பல மாடல்களில் அதே கதைதான்: சில நொடி முழுத் திறன், சில நொடி ஓய்வு. காதை வைத்துக் கேட்டால் உறுமல் வந்து வந்து போவது தெரியும். ஆகவே "நான் குறைந்த அளவில்தான் வைக்கிறேன், எக்ஸ்டென்ஷன் தாங்கும்" என்று சொல்ல முடியாது. ஓடும் நொடிகளில் ஒயரில் போவது முழு ஆம்பியர்தான்.

கெட்டிலை வைத்து ஆற்றல் கணக்கைச் சரிபார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. 1 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.19 கிலோஜூல் வேண்டும். 25 டிகிரியிலிருந்து 100க்கு 75 டிகிரி. மொத்தம் 314 கிலோஜூல், அதாவது 0.087 யூனிட். வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். 2000 வாட் கெட்டிலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குப் போகிறது என்றால் 175 நொடி, மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 1500 வாட் என்றால் 233 நொடி. பெரிய கெட்டில் அதிக மின்சாரம் தின்னும் என்ற எண்ணம் இங்கே உடைகிறது: அதே தண்ணீருக்கு அதே ஆற்றல்தான், வேகமாகக் கொடுத்துவிட்டு வேகமாக அணைகிறது. சொல்லப்போனால் நேரம் குறைவதால் பக்கவாட்டில் இழக்கும் வெப்பமும் கொஞ்சம் குறையும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் தேவையான அளவு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள், வாட்டைப் பார்க்க வேண்டாம்.

தகடு அழிந்துபோன பழைய சாதனத்துக்கு இதே சோதனையைத் திருப்பிப் போடலாம். 1 லிட்டர், 25லிருந்து கொதிக்க 200 நொடி ஆனது என்றால் 314 கிலோஜூலை 200ஆல் வகுத்தால் 1570 வாட் தண்ணீருக்குள் போயிருக்கிறது. சுவரிலிருந்து இழுப்பது 1700, 1750 வாட் சுமாருக்கு இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் எளிது. பிளக்கைக் கழற்றி, கெட்டிலின் ஸ்விட்சை ஆன் நிலையில் வைத்து இரண்டு பின்களுக்கு நடுவே மின்தடையைப் பாருங்கள். 26, 27 ஓம் காட்டினால் 230 வோல்ட்டில் அது 2000 வாட் கெட்டில். 230ஐ 230ஆல் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். கெட்டில் கம்பிக்குப் பயன்படும் கலவை உலோகம் சூட்டில் மின்தடை அதிகம் மாறாதது என்பதால் ஆறிய நிலையில் அளந்ததே போதும். பழைய குண்டு பல்புக்கு இது ஒத்துவராது, அதன் இழை எரியும்போது மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். மோட்டார் உள்ளவற்றுக்கும் ஒத்துவராது.

எந்தச் சாதனமானாலும் பொருந்தும் வழி வீட்டு மின்மீட்டரே. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று எழுதியிருக்கும், உதாரணமாக 3200. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்தச் சாதனத்தை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 96 வந்தால், 96ஐ 60ஆல் பெருக்கி மணிக்கு 5760 மினுக்கல், அதை 3200ஆல் வகுத்தால் 1.8 கிலோவாட். செலவில்லாமல், எதையும் திறக்காமல் கிடைக்கும் நம்பகமான எண் இது. பிரிட்ஜ் போல ஓடியும் ஓய்ந்தும் இருப்பதற்கு மட்டும் பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் மீட்டரை ஒரு முழு நாள் விட்டுப் பார்ப்பது நல்லது. கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியரைக் காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒயர் முழுவதையும் கவ்விவிட்டு "சுழியம் காட்டுகிறதே" என்று கேட்பார்கள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடுவதால் அப்படி. ஒற்றை ஒயரை மட்டும் கவ்வ வேண்டும். அதற்காகச் சாதனத்தின் ஒயரைப் பிளக்காதீர்கள், பழக்கமான எலக்ட்ரீஷியன் போர்டு பக்கத்தில் செய்யட்டும்.

இப்போது உங்கள் லைன். கெட்டில் 8.7, ஓவன் 6.8, பிரிட்ஜ் ஏறக்குறைய 1. மூன்றும் ஒன்றாக ஓடினால் 16.5 ஆம்பியர். எம்.சி.பி. விழாது, அதுதான் பிரச்சினை: எல்லையைத் தாண்டியும் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். நேரக் கணக்கும் பார்க்க வேண்டும். கெட்டில் மூன்று நிமிடம், ஓவன் ஐந்து நிமிடம் என்றால் ஒயருக்கு அது பெரிய சோதனை இல்லை. வட அமெரிக்க மின்விதிகளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடும் லோடை 1.25 மடங்காக வைத்துக் கணக்குப் போடச் சொல்வதும், பிரிட்டனில் பெரிய குக்கருக்கு முதல் 10 ஆம்பியரை முழுதாகவும் மீதியில் 30 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்வதும் இந்த நேரக் கணக்கை வைத்துத்தான். அந்தப் பிரிட்டன் கணக்கில் தகட்டின்படி 50 ஆம்பியர் வரும் குக்கர் 22 ஆம்பியராகச் சுருங்கிவிடும், ஏனென்றால் எல்லா அடுப்பும் ஒரே கணத்தில் எரிவதில்லை. ஆனால் அந்தச் சலுகை ஒயருக்கு மட்டும். ஒரு சாக்கெட்டில் ஒரு சாதனம் இழுப்பதற்கு அப்படிச் சுருக்கக் கூடாது.

ஆகவே இப்போதைக்கு கெட்டிலும் ஓவனும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒன்று முடிந்து மற்றொன்று. தனித்தனி சாக்கெட், மல்ட்டி பிளக் கூடாது. நிரந்தரத் தீர்வு கெட்டில் இருக்கும் பக்கத்துக்குத் தனி லைன் ஒன்று இழுப்பது. பொதுவாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுவார்கள். தூரத்தையும் ஒரே குழாயில் எத்தனை ஒயர் போகிறது என்பதையும் பார்த்து எலக்ட்ரீஷியன் முடிவு செய்யட்டும்.

இன்வெர்ட்டர்: வேண்டாம். ஓவன் 1400 வாட், திறன் காரணி சேர்த்தால் 1550 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது). இன்வெர்ட்டரின் மேல் எழுதியிருக்கும் பெரிய எண் வி.ஏ.; அது தரும் வாட் அதைவிடக் குறைவு. ஓவன் கிளம்பும் துள்ளலையும் சேர்த்தால் 2000 வி.ஏ.க்குக் குறையாமல் வேண்டும். அது இருந்தாலும் பாட்டரியைப் பாருங்கள்: 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 1400 வாட் எடுக்க, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 137 ஆம்பியர் இழுக்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு மணி நேரம் கொடுக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த 150 என்பது 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைப்பது, இந்த வேகத்தில் இழுத்தால் வெகு முன்பே படுத்துவிடும், ஆயுளும் குறையும். பிரிட்ஜை வைக்கலாம், கிளம்பும் துள்ளலை இன்வெர்ட்டர் தாங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு.

ஓவனை மாட்டியபின் முதல் வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முழுத் திறனில் பத்து நிமிடம் ஓட்டி, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றியதும் அதன் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், பிறகு பின்களை. வெதுவெதுப்பு என்றால் சரி. கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடு என்றால், அதுவும் ஒரு பின் மட்டும் என்றால், அந்தச் சாக்கெட்டை அன்றே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டு போர்டைத் திறக்கச் சொல்லுங்கள். கெட்டிலுக்கும் இதையே செய்யுங்கள், இரண்டு முறை தொடர்ந்து கொதிக்கவைத்தபின்.